பழைய ஓவியங்களின் நிறம் எங்கே போகிறது?

மாணவர்களே, அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போது கடைகளின் கண்ணாடிகளைச் சற்று நின்று பாருங்கள். முடிதிருத்தும் கடையின் முகப்பில் விதவிதமான சிகையலங்காரத்துடன் இளைஞர்களின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டிய புதிதில் அவர்கள் எல்லோரும் மனிதர்களின் நிறத்தில்தான் இருந்திருப்பார்கள். சில ஆண்டுகள் வெயில் பட்டதும் முகம், கழுத்து, சட்டை எல்லாம் நீலமாகிவிடும். மளிகைக்கடைக் கதவில் ஒட்டிய பிள்ளையார் படமும் அப்படித்தான். அவரும் நீலம், அவர் முன்னால் இருக்கும் கொழுக்கட்டையும் நீலம்.

ஏன் எல்லாம் நீலமாகவே மாறுகின்றன? ஏன் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறுவதில்லை?

உண்மையில் அந்தப் படங்கள் நீலமாக மாறவில்லை. அவற்றில் ஏற்கெனவே இருந்த நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்ணப் படங்களை அச்சிடப் பெரும்பாலும் நான்கு மைகளைப் பயன்படுத்துகிறார்கள்: சியான் என்னும் பசுநீலம், மஜெந்தா என்னும் ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவற்றுள் மஞ்சளும் மஜெந்தாவும் பொதுவாக வெயிலைத் தாங்காத கரிமச் சேர்மங்களால் ஆனவை. சியான் மையில் இருப்பது, நடுவில் ஒரு செம்பு அணுவைக் கொண்ட தாலோசயனின் என்னும் உறுதியான நிறமி. கறுப்பு மையில் இருப்பது கரி. வெயில் முதல் இரண்டையும் அழித்துவிடுகிறது. மற்ற இரண்டும் நிற்கின்றன.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஓர் ஓவியத்தின் நிறங்கள் எல்லாம் ஒன்றாக மங்குவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது எந்தப் பொருளால் ஆனது, எந்தப் பொருளோடு சேர்ந்திருக்கிறது, எந்தச் சூழலில் இருக்கிறது என்ற மூன்றும் அந்த ஆயுளை முடிவு செய்கின்றன.

நான் செய்த தவறு

என் பாட்டியிடம் ஒரு மகாலட்சுமி படம் இருந்தது. அவருடைய திருமணத்துக்கு அவருடைய தாயார் கொடுத்தது. தோட்டப்புற வீட்டின் சாமியறையில் ஜன்னல் கிடையாது. விளக்கு வெளிச்சம் மட்டும்தான். பல ஆண்டுகள் அங்கே தொங்கிய அந்தப் படத்தின் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்திருந்தது. ஆனால் உள்ளே மகாலட்சுமியின் சேலை நல்ல அரக்குச் சிவப்பாகவே இருந்தது.

குடும்பம் கிள்ளானுக்குக் குடிவந்தபோது அந்தப் படத்தை நான்தான் எடுத்துத் துடைத்தேன். "இவ்வளவு அழகான படத்தை இருட்டில் வைக்கலாமா?" என்று கேட்டு, வாசல் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். அப்போதுதான் ஆசிரியர் பயிற்சியை முடித்திருந்தேன், அதுவும் அறிவியல் ஆசிரியராக!

ஆறு ஆண்டுகள் கழித்து ஒருநாள் பாட்டி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் தாயி, லட்சுமிக்குச் சோகை பிடிச்சாப்புல இருக்கு?" என்றார். சேலை வெளிறி, பழைய ரோசாப்பூ இதழ் போல ஆகியிருந்தது. முகத்தில் மஞ்சள் போய்ச் சாம்பல் தட்டியிருந்தது. சட்டத்தைக் கழற்றினேன். மரச்சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த ஒரு விரல் அகலப் பகுதியில் மட்டும் பழைய அரக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. அந்த விளிம்பைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு இழந்தோம் என்பது எனக்குப் புரிந்தது.

ஒளி என்ன செய்கிறது?

வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். ஒரு நிறமி அந்த ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியைத்தான் நம் கண் அந்தப் பொருளின் நிறமாகப் பார்க்கிறது. சிவப்புச் சேலை பச்சை, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் சிவப்பாகத் தெரிகிறது.

உறிஞ்சிய ஒளியின் ஆற்றல் என்ன ஆகும்? மூலக்கூறில் உள்ள ஒரு எலெக்ட்ரானை அது மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தள்ளுகிறது. பெரும்பாலும் அந்த எலெக்ட்ரான் வெப்பத்தை வெளிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடும். எப்போதோ ஒருமுறை, அது திரும்புவதற்குள் மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்துவிடும், அல்லது ஒரு பிணைப்பு முறிந்துவிடும். முறிந்த மூலக்கூறு முன்போல் ஒளியை உறிஞ்சாது. அதன் நிறம் போய்விடும். இப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக முறிவதைத்தான் நாம் "வெளிறிப்போச்சு" என்கிறோம். புற ஊதாக் கதிர்களுக்கு ஆற்றல் அதிகம் என்பதால் அவை இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தீபாவளிப் புதுச்சட்டையின் ஓரத்தில் அம்மா மஞ்சள் தடவுவார். துவைக்கும்போது சவர்க்காரம் பட்டதும் அந்தக் கறை சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் சாயம் காரத்தில் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பு வருவதும் இதனால்தான். அதே சட்டையைக் கொடியில் காயப்போட்டால், எவ்வளவு தேய்த்தும் போகாத மஞ்சள் கறை வெயிலில் மெல்ல மறைந்துவிடும். குர்குமின் மூலக்கூறை ஒளி உடைத்துவிடுகிறது. சட்டைக்கு இது நல்லது. அதே மஞ்சளால் ஓர் ஓவியம் தீட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எத்தனை லக்ஸ்?

ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். நேரடி வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். துணி, நீர்வண்ண ஓவியம் போன்ற எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ்தான் அனுமதிக்கின்றன. அத்தகைய கூடங்கள் ஏன் அரையிருட்டாக இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

இன்னொரு செய்தி: சேதம் சேர்ந்துகொண்டே போகும். குறைந்த ஒளியில் நெடுநேரம் இருந்தாலும், மிகுந்த ஒளியில் சிறிது நேரம் இருந்தாலும், பெருக்குத்தொகை ஒன்றானால் பாதிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். என் தவற்றையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

அருங்காட்சியகத்தில்: 50 லக்ஸ் × 8 மணி = ஒரு நாளுக்கு 400 லக்ஸ்-மணி.

எங்கள் வீட்டுச் சுவரில் 1,000 லக்ஸ் விழுந்ததாக வைத்துக்கொள்வோம்: 1,000 × 10 மணி = ஒரு நாளுக்கு 10,000 லக்ஸ்-மணி.

இது 25 மடங்கு. அப்படியானால் 6 ஆண்டுகளில் பாட்டியின் படம் வாங்கிய ஒளியை, ஓர் அருங்காட்சியகத்தில் வாங்குவதற்கு 150 ஆண்டுகள் ஆகியிருக்கும். ஜன்னல் வழியாக வந்த புற ஊதாக் கதிர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

எந்த நிறம் நிற்கும்?

பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது தெரியுமா? 1881ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு, மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டத் தொடங்கினார்கள். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் இது. சூளைக்குள் போகும் களிமண் பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெளியே வரும் கல் சிவப்பாக இருக்கும். மண்ணில் உள்ள நீரேறிய இரும்பு ஆக்சைடு வெப்பத்தில் நீரை இழந்து சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாறுவதால் இந்த நிறம் வருகிறது.

இந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான் காவிக்கல்லின் நிறம். துருவின் நிறமும் ஏறக்குறைய இதுவே. உலகின் மிகப் பழைய குகை ஓவியங்களிலும் காவியைக் காண்கிறோம். காவி ஏன் மங்குவதில்லை? ஆக்சிஜன் நிறமியைத் தாக்கித்தானே நிறத்தை அழிக்கிறது? காவியில் உள்ள இரும்பு ஏற்கெனவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. இனி ஆக்சிஜனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் எவ்வளவு அடித்தாலும் செங்கல் வெளிறுவதில்லை அல்லவா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மூசியம் நெகாரா எனப்படும் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில், ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்த இரண்டு பெரிய சுவரோவியங்கள் உள்ளன. 60 ஆண்டுகளுக்கு மேலாக வெளிச்சுவரில் இருந்தும் அவை பளிச்சென்று தெரிகின்றன. காரணம், அவை வண்ணப்பூச்சால் தீட்டியவை அல்ல, சிறுசிறு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்தவை. பொதுவாகக் கண்ணாடிக்கு நிறம் கொடுப்பவை கோபால்ட், செம்பு போன்ற உலோகங்களின் சேர்மங்கள். அவை கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருப்பதால் காற்றும் நீரும் அவற்றை நெருங்க முடிவதில்லை.

ஆக, நீடித்து நிற்க நிறமிக்கு இரண்டு பலம் வேண்டும். அதுவே உறுதியான கனிமமாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி நல்ல காவலும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு பழைய எடுத்துக்காட்டைக் காணத் தஞ்சாவூருக்குப் போவோம்.

ஓவியத்துக்குள் ஓர் ஓவியம்

முதலாம் ராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட உட்சுற்று இருக்கிறது. அதன் சுவர்களில் 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அந்தச் சுற்றுக்குள் போனபோது, சாந்து உதிர்ந்த இடங்களில் உள்ளே வேறோர் ஓவியம் தெரிவதைக் கண்டார். அது சோழர் காலத்து ஓவியம். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி, நடனமாடும் பெண்கள், முப்புரம் எரித்த சிவன் என்று அடுத்தடுத்து வெளிப்பட்டன.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அந்த நிறங்கள் எப்படி நின்றன? சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இதை ஆராய்ந்தார். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியங்கள் இவை என்பது அவருடைய முடிவு.

அந்த முறையில் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காய்வதற்குள், தண்ணீரில் குழைத்த நிறமியால் ஓவியம் தீட்டுவார்கள். பசை எதுவும் வேண்டாம். சாந்து காயும்போது இந்த வினை நடக்கிறது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

இதை எங்கோ பார்த்த ஞாபகம் வருகிறதா? ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீருக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அது பால்போல் வெளுக்குமே, அதே வினைதான். கார்பன் டை ஆக்சைடு இருப்பதைச் சோதிக்க நீங்கள் பயன்படுத்தும் வினையைச் சோழர் காலத்து ஓவியர்கள் சுவரில் நடத்தியிருக்கிறார்கள். உருவாகும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் நிறமித் துகள்களைச் சுற்றி இறுகிக்கொள்கின்றன. நிறம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சாக இல்லாமல், சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் இந்த முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுண்ணாம்பு வலிய காரம். மஞ்சளைப் போன்ற தாவரச் சாயங்களைத் தீட்டினால் நிறம் உடனே மாறிவிடும். ஆகவே காரத்தைத் தாங்கும் நிறமிகளை மட்டுமே பயன்படுத்த முடியும். சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கறுப்பு, சிவப்புக் காவி, மஞ்சள் காவி, பச்சை மண், லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் தூள் என்று ஓவியர்களின் வண்ணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் அவை எல்லாமே கனிமமோ கரியோ. வெயிலுக்கு அஞ்சாதவை.

மற்றொரு பாதுகாப்பு எதிர்பாராமல் கிடைத்தது. நாயக்கர் காலத்தில் மேலே பூசிய சாந்து, ஏறக்குறைய 300 ஆண்டுகள் சோழர் ஓவியத்தை விளக்குப் புகையிலிருந்தும் மனிதக் கைகளிலிருந்தும் காத்தது. என் பாட்டியின் படத்தில் மரச்சட்டத்தின் விளிம்பு செய்த வேலையை இங்கே அந்தச் சாந்து செய்திருக்கிறது.

பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சோழர் ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை நீக்க வேண்டும். அதுவும் 300 ஆண்டுப் பழைமை உடையது. ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கலாமா? இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள், மேலடுக்கைச் சேதமின்றிப் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தும் முறையைக் கையாண்டார்கள். அதனால் பிரித்த பகுதிகளில் இரண்டு காலத்து ஓவியங்களும் தப்பின. அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்களைப் பொதுவாக விடுவதில்லை. நம் மூச்சிலுள்ள ஈரமும் விரல்களின் எண்ணெய்ப் பசையும் சுவருக்குப் பகை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

மங்குவது வேறு, மாறுவது வேறு

எல்லாக் கனிம நிறமிகளும் காவியைப் போல் உறுதியானவை அல்ல. சில வெளிறுவதற்குப் பதிலாக வேறு நிறமாகவே மாறிவிடும்.

பழைய ஓவியர்கள் விரும்பிய வெள்ளை, ஈய வெள்ளை. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அது கறுப்பு ஈய சல்பைடாக மாறும். அழுகிய முட்டையின் நாற்றம் வீசுமே, அந்த வாயுதான். விளக்கெரிக்க நிலக்கரி வாயுவைப் பயன்படுத்திய காலத்தில், ஐரோப்பாவில் பல நீர்வண்ண ஓவியங்களின் வெள்ளைப் பகுதிகள் இப்படிக் கறுத்தன. இதற்கு வேதியியலில் ஓர் அழகான மாற்று உண்டு:

ஈய சல்பைடு + ஹைட்ரஜன் பெராக்சைடு → ஈய சல்பேட் + நீர்

ஈய சல்பேட் வெள்ளை நிறம். கறுத்த இடம் மீண்டும் வெளுத்துவிடும். ஆனால் கவனியுங்கள். பழைய ஈய வெள்ளை திரும்பி வரவில்லை. அதைப் போலவே வெண்மையான வேறொரு சேர்மம்தான் வந்திருக்கிறது.

ஈயச் செந்தூரமும் இப்படித்தான். ஒளியும் ஈரமும் சேர்ந்தால் அது கரும்பழுப்பான ஈய டை ஆக்சைடாக மாறலாம். சீனாவின் துன்ஹுவாங் அருகிலுள்ள மொகாவ் குகைகளில், பல உருவங்களின் முகமும் கைகளும் இன்று கருமையாகத் தெரிகின்றன. அவற்றை ஓவியர்கள் கறுப்பாகத் தீட்டவில்லை. இளஞ்சிவப்பாகத் தீட்டியவை பின்னாளில் கறுத்துவிட்டன. இது தெரியாதவர்கள் ஓவியரின் நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

வின்சென்ட் வான்கோ தம் படுக்கையறையை 1888இல் தீட்டினார். சுவர்கள் வெளிர் ஊதா என்று தம்பி தியோவுக்குக் கடிதத்தில் எழுதினார். இன்று அந்த ஓவியத்தைப் பார்த்தால் சுவர்கள் நீலம். ஊதா என்பது நீலமும் சிவப்பும் சேர்ந்தது. அவர் கலந்த சிவப்புச் சாயம் ஒளியில் மறைந்துவிட, நீலம் மட்டும் நிற்கிறது. முடிதிருத்தும் கடையின் கண்ணாடியில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது!

அவர் விரும்பிப் பயன்படுத்திய குரோம் மஞ்சளுக்கு வேறு கதை. அது ஈய குரோமேட். ஒளி பட்டால் அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +6இலிருந்து +3க்குக் குறைந்து, மஞ்சள் பழுப்பாகிறது. 2011இல் அறிவியலாளர்கள் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள சக்திவாய்ந்த எக்ஸ்ரே கருவியின் துணையுடன் இதை நிறுவினார்கள். படிவம் 5இல் நீங்கள் படிக்கும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை இதுதான்.

நல்ல எண்ணத்தால் வந்த கேடு

நிறம் மங்கியதும் நமக்கு வரும் முதல் எண்ணம், "ஏதாவது பூசிப் பளபளப்பாக்குவோம்" என்பது. அஜந்தா குகைகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அங்குள்ள ஓவியங்கள் தஞ்சையைப் போல் ஈரச் சாந்தில் தீட்டியவை அல்ல. காய்ந்த பூச்சின் மேல் பசை கலந்த நிறமியால் தீட்டியவை. எளிதில் உதிரக்கூடியவை. 1920களில் ஹைதராபாத் நிஜாமின் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. உதிரும் பகுதிகளை அவர்கள் கவனமாக ஒட்டினார்கள். ஆனால் மேலே பூசிய அரக்குப் பூச்சு நாளடைவில் மஞ்சளாகிக் கருத்தது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பூசியதே ஓவியத்தை மறைக்கும் திரையாகிவிட்டது. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் அந்தப் பூச்சைக் கரைப்பான்களால் அங்குலம் அங்குலமாக நீக்க வேண்டியதாயிற்று.

நிபுணர்களுக்கே இப்படி என்றால், நமக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் கோயில்களில் ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது வழக்கம். கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுவது நம் மரபு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கோபுரத்துக்கு அது காவலும்கூட. ஆனால் உள்மண்டபத்தில் யாரோ ஒரு கலைஞர் கையால் தீட்டிய பழைய ஓவியம் இருந்தால், அதைக் கோபுரத்தைப் போல் நடத்தக் கூடாது. கோத்தோங் ரோயோங் என்று நாம் கூட்டமாகப் போய், சவர்க்கார நீரால் தேய்த்து ஒரே காலைப்பொழுதில் சுத்தம் செய்துவிடலாம். அந்தத் தேய்ப்பில் புகைக்கரியோடு பசையும் நிறமியும் போய்விடும். பிறகு யாராலும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

இன்றைய பாதுகாப்பு நிபுணர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1960களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். அவற்றை மாட்டிய உணவுக்கூடத்தில் பெரிய ஜன்னல்கள் இருந்தன. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயிலில் வெளிறியது. ஓவியங்கள் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன. 2014இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, ஒரு துளி வண்ணமும் புதிதாகப் பூசவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கு ஈடான வண்ண ஒளியைப் படவீழ்த்தியால் ஓவியத்தின் மேல் பாய்ச்சினார்கள். ஒளி இருக்கும்வரை பழைய நிறம் தெரியும். விளக்கை அணைத்தால் இன்றைய உண்மை நிலை தெரியும். ஓவியமோ தொடப்படாமல் அப்படியே இருந்தது.

நம் ஊர்க் காற்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒளி மட்டுமே எதிரி அல்ல. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இந்த ஈரத்தில் காகிதத்திலும் பசையிலும் பூஞ்சை எளிதில் வளரும். சுவருக்குள் ஊறும் நீர், உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, சாந்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். மழைக்காலத்துக்குப் பிறகு பழைய சுவர்களில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றால் சட்டையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? அதற்கும் வெயில்தான் காரணம். வண்ணப்பூச்சின் பிணைப்புப் பொருளை வெயில் சிதைக்கிறது. வெள்ளைப் பூச்சில் உள்ள டைட்டேனியம் டை ஆக்சைடு அந்தச் சிதைவை விரைவுபடுத்தும் வினையூக்கியாகவும் செயல்படக்கூடும். பிடித்துக்கொள்ளப் பிணைப்பு இல்லாத நிறமி தூளாக உதிர்கிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: வரைதாள், மஞ்சள்தூள், உடைந்த செங்கல்லின் தூள், ஒளிரும் மை எழுதுகோல் ஒன்று, அலுமினியத் தாள், ஒட்டுநாடா.

1. மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்துத் தாளில் ஒரு பட்டையாகத் தீட்டுங்கள். செங்கல் தூளை மிக நைசாக அரைத்துச் சலித்து, சிறிது பசைநீரில் குழைத்து இரண்டாவது பட்டையைத் தீட்டுங்கள். தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுகோலால் மூன்றாவது பட்டையைப் போடுங்கள்.

2. நன்கு காய்ந்ததும், மூன்று பட்டைகளின் ஒரு பாதியையும் அலுமினியத் தாளால் மூடி ஒட்டுங்கள்.

3. தாளை வெயில் படும் ஜன்னலருகே 2 வாரம் வையுங்கள். மழைச்சாரல் படக் கூடாது.

4. 2 நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள்.

5. முடிவில் அலுமினியத் தாளை நீக்கி, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் ஒப்பிடுங்கள். எந்தப் பட்டையில் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகிறது? எதில் தெரியவே இல்லை?

இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மூடிய பாதி எதற்காக என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

வீட்டிலும் கோயிலிலும்

இந்த வாரம் உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய படம் எது என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அது எங்கே தொங்குகிறது? வெயில் படுகிறதா? ஈரச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? கைப்பேசிச் செயலியால் லக்ஸ் அளவைத் தோராயமாகப் பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிரே இருந்தால் உள்ளறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடியில் நேராகத் துப்புரவு நீரைத் தெளிக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். எதையும் செய்வதற்கு முன் இன்றைய நிலையை ஒரு படம் எடுத்துத் தேதியுடன் சேமித்து வையுங்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்றால், பழைய சுவரோவியங்களை வண்ணம் பூசுவதற்கு முன் படமெடுத்து வைக்கலாமா என்று நிர்வாகத்தினரிடம் பணிவாகக் கேளுங்கள். தீட்டியவர் யார், எந்த ஆண்டு என்பதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். அதையும் எழுதி வையுங்கள்.

பாட்டியின் மகாலட்சுமி படம் இப்போது எங்கள் வீட்டின் உள்கூடத்தில், வெயில் எட்டாத சுவரில் இருக்கிறது. மறுபடி வண்ணம் தீட்டித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். சட்டத்தைக் கழற்றி, விளிம்பில் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு விரல் அகலச் சிவப்பைக் காட்டிவிட்டு, அதிக நேரம் வெளிச்சத்தில் வைக்காமல் மூடிவிடுகிறேன்.